சிவப்பு அம்புக்குறி

போன மாதம் கம்பெனி வேலையாகக் கொச்சிக்குப் போகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். வெயிலும் மழையும் முறை வைத்துக்கொண்டு வருகிற ஊர் அது. சார்ஜரைத் தேடிப் பெட்டியின் உள்பையில் கைவிட்டபோது விரலில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. நகத்தளவு ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். பசை காய்ந்து ஓரம் சுருண்டிருந்தது. அதன் முனை காட்டிய பக்கம் பார்த்தேன். மடித்து வைத்த ஜீன்ஸ் இருந்தது. மறுபேச்சில்லாமல் எடுத்து பீரோவில் வைத்துவிட்டேன். அக்கா செத்து இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் என் பெட்டியை அவர்தான் அடுக்குகிறார்.

மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் செக்கிங் அக்கா. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கார்டிலும் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்திலும் அது பத்திரமாக இருந்தது. தெருவுக்கு அது தேவைப்படவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் செக்கிங் வேலை பார்த்தவர். தைத்து முடித்த சட்டைகள் கட்டுக்கட்டாக அவர் மேசைக்கு வரும். டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, காலர், கை, பட்டன், அடித்தையல் என்று விரலால் ஓர் ஓட்டு ஓட்டுவார். பழுது இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஒட்டி இடப்பக்கம் போட வேண்டும். சரி செய்ய முடிந்தது ‘ஆல்டர்’. முடியாதது ‘ரிஜெக்ட்’. பழுதே இல்லாத சட்டை வலப்பக்கம் போகும். மற்றவர்கள் அதற்கு ‘பாஸ்’ என்பார்கள். அக்கா ஒன்றுமே சொல்ல மாட்டார்.

ஒருநாள் கேட்டேன். “ஏங்க்கா, நல்லா இருந்தா பாஸ்னு வாய் தொறந்து சொன்னா என்ன?”

“நல்லா கீற சட்டையாண்ட இன்னாம்மா பேச்சு? அது பாட்டுக்குக் கப்பல் ஏறிப் போய்கினே கீது. பேச்செல்லாம் பழுதாண்டதான்.”

கம்பெனியில் செய்ததைத் தெருவிலும் செய்தார். அதுதான் வம்பு. பக்கத்து வீட்டுக் குழம்பு ஆல்டர். எதிர் வீட்டுப் பையனின் முடிவெட்டு ரிஜெக்ட். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் நீண்டுபோனால், கோயிலை விட்டு வெளியே வந்ததும் ஃபாதர் காதில் விழும்படியே, “நடுவுல ஒரு பத்து நிமிசம் ஆல்டர்” என்பார். நன்றாக இருந்த எதையும் அவர் பாராட்டி ஒருவரும் கேட்டதில்லை. அவர் பேசாமல் இருந்தால் நன்றாக இருக்கிறது என்று நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதை மெச்சியவர்களும் உண்டு, முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவர்களும் உண்டு.

ஆனால் யாராவது ஊருக்குக் கிளம்புகிறார் என்று தெரிந்துவிட்டால் அக்காவைப் பிடிக்க முடியாது. “ஊட்டுல கிழிஞ்சா ஊசி கீது. ரோட்டுல கிழிஞ்சா இன்னா கீது?” என்பார். அம்புக்குறித் தாளைப் பர்ஸிலேயே மடித்து வைத்திருந்தார். கம்பெனி வேலையை விட்ட பிறகும் அந்தத் தாள் தீர்ந்து நான் பார்த்ததில்லை. எங்கே வாங்கினாரோ தெரியாது.

எனக்கும் அவருக்கும் முதல் பேச்சே சண்டையில்தான் ஆரம்பித்தது. நான் திண்டுக்கல்காரி. எஸ்டேட்டுக்குள் ஓர் ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்து, அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டின் மாடியில் குடிவந்திருந்தேன். வந்த வருடமே டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கிளம்பினேன். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். நான் ஜீன்ஸும் ஷூவும் போட்டுக்கொண்டு, புதிதாக வாங்கிய சக்கரப் பெட்டியோடு கீழே இறங்கினேன். அக்கா தன் வாசலில் துடைப்பத்தால் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்.

“எங்கம்மா கெளம்பிட்ட?”

“ஊருக்குங்க. திண்டுக்கல்.”

“அது சர்தான். இந்தத் தண்ணிக்குள்ள சக்கரத்த எங்க உருட்டப் போற?”

“தெருமுனைக்கு ஆட்டோ வருது.”

அவர் பார்வை பெட்டியிலிருந்து என் காலுக்கு வந்தது. “இந்த பேண்ட்டு நனைஞ்சா ரெண்டு கிலோ. அத்தினி தண்ணியச் சுமந்துகினு போய் இன்னா பண்ணப் போற? மெட்ராஸ் தண்ணி எப்டி கீதுன்னு உங்கம்மாவுக்குக் காட்டப் போறியா?”

முன்பின் தெரியாதவரிடம் இப்படியா பேசுவது என்று எனக்குச் சுருக்கென்றது. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். தெருமுனைக்குப் போவதற்குள் பெட்டியின் ஒரு சக்கரம் கழன்றது. முழங்கால் வரைக்கும் ஜீன்ஸ் ஊறியது. ஏ.சி. பஸ்ஸில் எட்டு மணி நேரம் அந்த ஈரத்தோடு நடுங்கிக்கொண்டே போய், கிறிஸ்துமஸ் பூசையைக் காய்ச்சலோடு பார்த்தேன். “இப்படித் துணியைப் போட்டுட்டு வரியே, ஒருத்தருமா சொல்லலை?” என்று அம்மா கேட்டார். சொன்னார்கள் என்று ஒப்புக்கொண்டேன். திரும்பும்போது, “சொன்ன அந்தப் புண்ணியவதிக்குக் குடு” என்று ஒரு தார் சிறுமலைப் பழத்தைக் கட்டிக் கொடுத்தனுப்பினார்.

அக்கா தாரைச் சீப்புச் சீப்பாகப் பிரித்து, கனிந்துபோன நாலு பழத்தை இடப்பக்கம் தள்ளிவிட்டு, என் போனை வாங்கி அம்மாவிடம் பேசினார். “பொண்ண நல்லாத்தான் வளத்துகிறீங்க. பேண்ட்டுதான் சரியில்ல.” அம்மா அன்று சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே கேட்டது. அதன் பிறகு இரண்டு பேரும் என்னைத் தாண்டிப் பேசிக்கொள்ளும் அளவுக்குச் சிநேகமாகிவிட்டார்கள். கடைசிவரை நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

அக்காவின் கணக்கில், ஆறு மணி நேரத்தில் காயாத துணி துணியே அல்ல. புதுத் துணி வாங்கினால் ஓர் ஓரத்தை நனைத்துக் கொடியில் போட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். என்னுடைய தடித்த டர்க்கி டவலை இரண்டு விரலால் தூக்கி, “இது துண்டு இல்லம்மா, தண்ணித் தொட்டி” என்றார். அவர் சிபாரிசு ஈரிழைத் துண்டு. துவட்டலாம், தலையில் நனைத்துப் போட்டுக்கொண்டு வெயிலில் நடக்கலாம், விரித்துப் படுக்கலாம், பிழிந்து உதறினால் அரை மணியில் காய்ந்துவிடும். ஒவ்வொரு செட் துணியையும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து காற்றை வெளியேற்றிக் கட்டுவார். கழுவிக் காயவைத்த அரிசிப் பை அவருக்கு ஒரு செல்வம். இருபத்திரண்டு வருடம் வெளிநாட்டுக்காரர்களின் சட்டையைத் தடவிய விரல்கள் அவை. நம் ஊர் வேர்வைக்கும் மழைக்கும் எது ஆகும் என்று வேறு யாருக்கும் அவ்வளவு தெரிந்திருக்காது.

அந்த விரல்கள் அக்காவின் மகள் கல்யாணத்தில் செய்த காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை ஆவடி. மே மாதம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு. பூசைக்கு அரை மணி இருக்கும்போது கோட்டைப் பார்க்க வேண்டும் என்று வாங்கிய அக்கா, உட்புறத்தைத் திருப்பி, பளபளவென்று இருந்த லைனிங்கில் அம்புக்குறியை ஒட்டிவிட்டார். “மே மாசத்துல உள்ள நைலானா? புள்ள தாலி கட்டறதுக்குள்ள வெந்துடுவான்.” பர்ஸிலிருந்து தையல் பிரிக்கும் ஊசியை எடுத்து, மண்டபத்து நாற்காலியில் உட்கார்ந்து, இருபது நிமிடத்தில் முழு லைனிங்கையும் பிரித்தெடுத்துச் சுருட்டிச் சம்பந்தியம்மாள் கையில் கொடுத்தார். மாப்பிள்ளை ஒரு சொட்டு வேர்வை இல்லாமல் நின்று தாலி கட்டினார். சம்பந்தியம்மாள் ஒரு வருடம் அக்காவோடு பேசவில்லை. அன்றைக்கு எனக்கும் அக்கா மேல் கோபம்தான். எல்லாரும் பார்க்க அந்த அம்மாளின் கையில் கந்தலைக் கொடுத்தது தப்பு. அதைச் சொன்னேன். “தப்புதான்” என்றார். “ஆனா கோட்டு சரியாப் பூட்ச்சே.”

ஆகஸ்ட் வந்தால் எங்கள் கோயிலிலிருந்து வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை கிளம்பும். காவி கட்டிய நாற்பது பேர், சக்கரம் வைத்த சின்னத் தேரில் மாதா சுரூபம், பாட்டு போட ஒரு ஸ்பீக்கர், பைகளையும் தண்ணீர்க் கேன்களையும் ஏற்றிக்கொண்டு முன்னே போக ஒரு குட்டி யானை வண்டி. பத்து நாள் நடை. பகலில் தார் ரோடு கொதிக்கும். மாலையானால் எங்கிருந்தோ மேகம் திரண்டு கொட்டும். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும், கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அக்கா மேசை போட்டு உட்காருவார். நடக்கிற ஒவ்வொருவரும் தோளில் மாட்டப்போகும் பையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். யார் இந்தச் சட்டத்தைப் போட்டார்கள் என்று தெரியாது. மீற ஒருவருக்கும் தைரியமில்லை.

சோதனை எளிது. பையைச் சுண்டுவிரலில் மாட்டித் தூக்குவார். விரல் வளைந்தால் பை இடப்பக்கம். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும். அயனம்பாக்கத்து ஃபிளாட்டிலிருந்து வந்த ஒருவரின் பையில் மூன்று பவர் பேங்க் இருந்தன. “இன்னா தம்பி, கரண்டு ஆபீசா?” என்றார். ஃபாதர் ஒரு வருடம் நீளக் குடை கொண்டுவந்தார். அதன் கைப்பிடியில் அம்புக்குறி விழுந்தது.

“ஒரு கையில செபமாலை, இன்னொரு கையில தண்ணி பாட்டிலு. கொடைய இன்னாத்துல புடிப்பீங்க ஃபாதர்?”

ஃபாதர் சிரித்துக்கொண்டே குடையைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். அந்த வருடம் அவர் நன்றாக நனைந்தார்.

அக்காவுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் காவி. எல்லாரும் கடைசி நேரத்தில் புதுக் காவி வாங்கி, கடைக் கஞ்சி மொடமொடப்போடு கட்டிக்கொள்வார்கள். மழையில் அது சாயத்தை விட்டு, உள்சட்டை, தோல், கூட நடப்பவரின் வேட்டி என்று எல்லாவற்றையும் காவியாக்கும். “மூணு தண்ணி அலசணும். மூணாவது தண்ணி வெள்ளையா வரணும். வர்லன்னா இன்னும் மூணு தண்ணி.” இதைப் பூசை அறிவிப்பிலேயே ஃபாதரை விட்டுச் சொல்லவைத்தார்.

நான் நடந்தது ஒரே ஒரு வருடம். அம்மா இறந்த வருடம்.

எனக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்து, டாக்டர்களே கைவிரித்த ஒருநாள், அம்மா ஒரு பொருத்தனை வைத்திருந்தார். பிள்ளை பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய், தன் கல்யாணச் சேலையை மாதாவுக்குச் சாத்துவதாக. நான் பிழைத்துக்கொண்டேன். அம்மாவால் நடக்க முடியவில்லை. முதலில் என் பள்ளிக்கூடம், அப்புறம் அப்பாவின் நோய், அப்புறம் அவருடைய முழங்கால். ஜனவரியில் ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில், என்னை நடக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. “அந்தச் சேலை பீரோவுல மேல்தட்டுல இருக்கு” என்று மட்டும் சொன்னார். நான் சரி என்றேன்.

எங்களில் மணப்பெண்ணுக்கு வெள்ளையோ சந்தன நிறமோதான் பட்டு. அம்மாவுடையது சந்தன நிறம், மெல்லிசான சரிகைக் கரை. முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு கறை படவிடாமல் வைத்திருந்தார். அதை மாதா காலடியில் அப்படியே கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்த வருடம் எனக்கு வேறு எந்த ஆசையும் இருக்கவில்லை.

அக்காவின் மேசையில் என் முறை வந்தது. பை சுண்டுவிரலில் நின்றது. வெளியே எடுத்தவற்றில் குறை ஒன்றும் இல்லை. அவரிடம் பாடம் கேட்டவள்தானே. கடைசியாகச் சேலையைப் பார்த்தார்.

“இது வண்டியில ட்ரங்குப் பெட்டியில வரட்டும். பீடத்துத் துணியோட சேத்து வைக்கிறேன்.”

“இல்லக்கா. தோள்லதான் கொண்டு வருவேன்.”

“மழ வந்தா?”

“வந்தா வரட்டும். எங்கம்மா நடந்து கொண்டுவரேன்னுதான் சொன்னாங்க. வண்டியில அனுப்பறேன்னு சொல்லலை.”

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அக்கா மேசைக்குக் கீழிருந்து ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் கவரை எடுத்துச் சேலையை அதற்குள் வைத்தார். பிறகு என் காவி சுடிதாரையும் துப்பட்டாவையும் விரலால் தடவினார். முந்தின நாள் மாலைதான் அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவில் வாங்கியிருந்தேன்.

“அலசினியா?”

“அலசிட்டேன்.”

“எத்தினி தண்ணி?”

“மூணு.”

ஒரு தண்ணீர்கூடக் காட்டவில்லை. அன்றைக்கு எனக்கு யார் சொல்லும் எதையும் கேட்கிற மனநிலை இல்லை. அக்கா என் முகத்தையே பார்த்தார். அவர் ஆள்காட்டி விரல் நுனியில் ஓர் அம்புக்குறி தயாராக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதைத் திரும்பத் தாளிலேயே ஒட்டிவிட்டு, என் பையை வலப்பக்கம் நகர்த்தினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முதல் மூன்று நாளும் மழை இல்லை. நான்காம் நாள் மரக்காணம் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் உப்பளம். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. நாலு மணி இருக்கும், கடல் பக்கமிருந்து மழை ஓடி வந்தது. கவர் கிழிந்திருந்தது. ஒவ்வொரு தங்கலிலும் சேலையை எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்ததில், பையின் ஜிப் கடித்து இரண்டு நாள் முன்பே கிழிந்துபோனது. அக்காவிடம் சொன்னால் வேறு கவர் தந்திருப்பார். ரோஷம், சொல்லவில்லை. இப்போது வேறு வழி தெரியாமல் துப்பட்டாவை உருவி நாலாக மடித்துச் சேலையைச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். தூரத்தில் உப்பைக் குவித்து வைக்கும் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. போய்ச் சேர்வதற்குள் தலை முதல் கால்வரை தொப்பலாகிவிட்டேன்.

கால் மணியில் மழை விட்டது. துப்பட்டாவைப் பிரித்தேன். புதுக் காவி முழுக்கச் சந்தனப் பட்டில் இறங்கியிருந்தது. மழையிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று என் கையாலேயே சாயத்தில் முக்கி எடுத்திருக்கிறேன். அம்மாவை அடக்கம் செய்த நாளில்கூட நான் அப்படி அழவில்லை. உப்புத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். முப்பத்து மூன்று வருடம் அம்மா காத்து வைத்ததை நாலு நாளில் நாசம் பண்ணிவிட்டேன்.

பெண்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். “உப்புத் தண்ணியில முக்குங்க, சாயம் நின்னுடும்” என்று ஒருத்தி சேலையைத் தூக்கிக்கொண்டு பாத்தியை நோக்கி நடந்தாள்.

“ஏய்! தொடாத!” பின்னாலிருந்து அக்காவின் குரல். ஈரப் புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். “உப்புல போட்டா காவி அப்டியே கவ்விக்கும். நல்ல தண்ணி வேணும். வண்டியத் திருப்பச் சொல்லு.”

குட்டி யானை திரும்பி வந்தது. மூன்று கேன் குடிதண்ணீர் இருந்தது. மூன்றையும் இறக்கச் சொன்னார். அப்புறம் குடிக்க என்ன செய்வது என்று டிரைவர் கேட்டார். “தங்கற எடத்துக்குப் போய்க் குடிச்சுக்கலாம். செத்தா பூடுவோம்?” என்றார் அக்கா. நாற்பது பேரில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஃபாதரே கேனைச் சாய்த்துப் பிடித்தார். அக்கா கசக்காமல், முறுக்காமல், உள்ளங்கையால் தட்டித் தட்டி அலசினார். முதல் தண்ணீர் ஆரஞ்சு நிறத்தில் ஓடியது. இரண்டாவது தண்ணீர் மஞ்சளாக வந்தது. மூன்றாவது வெள்ளையாக வந்தது. வெள்ளைத் தரையில் அந்த மூன்று நிறமும் ஒன்றன்பின் ஒன்றாக வழிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை நான் வீட்டுப் பக்கெட்டில் செய்திருக்க வேண்டும்.

முந்தானையிலும் நடுவிலும் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு இடத்தில் வெளிர் காவி தங்கிவிட்டது. இனி அது போகாது என்று அக்காவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

“மடிச்சா கெட்டுப் பூடும். விரிச்சிப் புடிங்க” என்றார். கரைக்கு நாலு பேராக எட்டுப் பெண்கள் சேலையை விரித்துப் பிடித்தார்கள். அப்படியே ரோட்டில் ஏறி நடக்க ஆரம்பித்தோம். மழை விட்ட மப்பு, வெயில் இல்லை, கடல் காற்று மட்டும். முன்னே தேர், பின்னே காற்றில் உப்பிக்கொண்டு அம்மாவின் கல்யாணச் சேலை. கை வலித்தவர்கள் மாறிக்கொண்டார்கள். எதிரே வந்த பஸ் வேகத்தைக் குறைத்தது. டிரைவர் நெற்றியில் கை வைத்துக் கும்பிட்டார். ரோட்டோரம் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் ஓடிவந்து, “மாதா சேலையாங்க?” என்று கேட்டாள். அக்கா, “ஆமாம்மா, தொட்டுக் கும்புட்டுக்கோ” என்றார். அவள் சேலையின் ஓரத்தை எடுத்துக் குழந்தையின் கண்ணில் ஒற்றினாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு அக்கா பக்கத்தில் நடந்தேன். “அக்கா, அன்னிக்குப் பொய் சொன்னேன். அலசவே இல்லை.”

“தெரியும். அலசின துணி அப்டி மொடமொடன்னா இருக்கும்?”

“அப்ப ஏன் விட்டீங்க? ஒரு அம்பு ஒட்டியிருந்தா நான் அலசியிருப்பேனே.”

அக்கா முன்னே போன தேரைப் பார்த்தார். தேரிலிருந்து பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. “உங்கம்மா போய் ஏழு மாசம். அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்தேன். இந்தப் பொண்ணாண்ட எத்தினி அம்பு ஒட்றதுன்னு தோணிச்சு. வுட்டுட்டேன்.” ஈரிழைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இருவத்திரெண்டு வருசத்துல, பழுதுன்னு தெரிஞ்சே நான் வலப்பக்கம் தள்ளின ஒரே பீஸு அது. பாதித் தப்பு என்னுதும்மா.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று தங்குமிடம் வரும்வரை விடவில்லை. சேலையும் அங்கே போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிட்டது. அதன் பிறகு அது அக்காவின் ட்ரங்குப் பெட்டியில் வந்தது. நான் மறுக்கவில்லை.

பத்தாம் நாள் வேளாங்கண்ணி. காலெல்லாம் கொப்புளம். காணிக்கைச் சேலை வாங்குகிற இடத்தில் வரிசை நின்று, முறை வந்ததும் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையானவள்தான். சேலையை விரித்தாள். இடப்பக்கமும் வலப்பக்கமும் அவளுக்கு இரண்டு அடுக்குகள் இருந்தன. முந்தானைக்கு வந்ததும் அவள் கை நின்றது.

“சாயம் பிடிச்ச மாதிரி இருக்கேம்மா. அலசிப் பாத்தீங்களா?”

“மூணு தண்ணி” என்றேன். இந்த முறை அது பொய்யில்லை. இதற்காகவா இவ்வளவு தூரம் நடந்து வந்தேன், அம்மாவின் சேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போகவா என்று நினைத்து மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து ஒரு கை என்னை நகர்த்தியது. அக்கா. மேசைக்கு வந்து, சேலையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு முனையிலிருந்து ஆரம்பித்துக் கரை, உடல், முந்தானை என்று விரலால் நிதானமாக ஓட்டினார். காவி படிந்த இரண்டு இடத்திலும் விரல் நின்று, மெல்லத் தடவிக் கடந்தது. வரிசையில் எங்கள் தெருக்காரர்கள் முப்பது பேராவது இருந்தார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் செக்கிங்கும்மா” என்றார் அந்தப் பெண்ணிடம். “இருவத்திரெண்டு வருசம்.” பிறகு, அதுவரை எங்களில் ஒருவரும் அவர் வாயிலிருந்து கேட்டிராத அந்த வார்த்தையை, வரிசையின் கடைசிவரை கேட்கும்படி சொன்னார்.

“பாஸ்.”

அந்தப் பெண் அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சேலையை மடித்துத் தன் வலப்பக்கம் வைத்தாள்.